வீதி கொடுத்த ராகம்

முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. மேடையில் ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்கள் பக்கம் வந்து, “அண்ணே, அதுவரைக்கும் சும்மா ஏதாவது வாசிச்சுக்கிட்டு இருங்க” என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் போகிறார். நான் நாயனம், அதாவது நாதஸ்வரம், பிடித்து 50 வருஷத்துக்கு மேலாகிறது. இந்த வார்த்தையைக் கேட்காத கல்யாணம் குறைவு. அவர் மரியாதையாகத்தான் சொல்கிறார். இந்தப் பாட்டு, அந்தப் பாட்டு என்று சீட்டு அனுப்பாமல் எங்கள் போக்கில் விடுகிறார். அப்படி விட்ட நேரத்தில் என்ன வாசிப்பது என்பதுதான் எங்கள் தொழிலின் முக்கால் பங்கு. அதற்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் மனோதர்மம்.

யாரோ இயற்றி, யாரோ பாடம் சொல்லி, நாம் அப்படியே வாசிக்கிற கீர்த்தனையும் வர்ணமும் கல்பித சங்கீதம். எழுதாமலும் முன்கூட்டி முடிவு செய்யாமலும் அந்த இடத்தில் அந்த நேரத்தில் எழும்புவது மனோதர்ம சங்கீதம். ராக ஆலாபனை, தானம், பல்லவி நிரவல், கல்பனா ஸ்வரம், விருத்தம் எல்லாம் இதில் சேரும். தவில்காரரின் தனி ஆவர்த்தனமும் இதுதான். சங்கீதப் புத்தகங்களில் இவ்வளவும் இருக்கும். ஆனால் அந்தச் சொல் என்னிடம் என்ன கேட்கிறது என்று எனக்குப் புரிய 20 வருஷம் பிடித்தது.

1966இல், எனக்கு 11 வயதில், வாத்தியாரிடம் கொண்டுவிட்டார்கள். அம்மா வழியில் அவர் எனக்கு மாமா முறை. காவிரிக் கரையில் சின்ன ஊர், பெரிய கோயில். முதல் ஆறு வருஷமும் நான் ஒத்துக்காரன். ஒத்து என்பது நாயனம் மாதிரியே இருக்கும். வாசிப்பதற்கான விரல் துளை மட்டும் இருக்காது. ஒரே ஒரு ஸ்வரம், ஆதார ஷட்ஜம். சுருதி சேர்ப்பதற்கென்று கீழே உள்ள துளைகளில் மெழுகு வைத்து அடைத்துக்கொள்வோம். மூக்கால் காற்றை இழுத்து, கன்னத்தில் தேக்கி, வாயால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் அறுபடக் கூடாது. ஊர்வலம் நாலு மணி நேரம் என்றால் நாலு மணி நேரமும் நடந்துகொண்டே அதை ஊத வேண்டும். சொந்தக் கருத்தில்லாமல் பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று ஊரில் சொல்வார்கள். ஒத்து ஊதிப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். வாத்தியாருக்கு ஒரு முழம் பின்னால் நின்று நான் கேட்ட கேள்வி ஞானம்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது.

பின்னால் நிற்கிறவனுக்கு முகம் தெரியாது, முதுகு தெரியும். நீளமான சஞ்சாரம் ஒன்று வரப்போகிறது என்றால் வாத்தியாரின் வலது தோள் ஒரு விரற்கடை ஏறும். மேல் ஷட்ஜத்துக்குப் போகுமுன் விலா விரியும். எதையாவது தேடுகிறார் என்றால் கழுத்து கொஞ்சம் இடது பக்கம் சாயும். அந்தச் சாய்வு வந்தால் எனக்குள் ஒரு படபடப்பு வரும். இதுவரை அவரே வாசிக்காத ஏதோ ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம். சில நாள் வரும். சில நாள் வராமல், பழைய பிடி ஒன்றைப் போட்டுக் கௌரவமாக முடித்துவிட்டு நகர்ந்துவிடுவார். வராத நாளில் வந்த மாதிரி நடித்ததில்லை.

சரளி, ஜண்டை, அலங்காரம், மூன்று காலத்திலும் வர்ணம், பிறகு கீர்த்தனைகள். பாடம் இந்த வரிசையில் போயிற்று. ராகத்துக்கென்று தனியாகப் பாடமே நடக்கவில்லை. ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

“மாமா, ராகம் எப்ப சொல்லித் தருவீங்க?”

நாயனத்தில் வைத்து ஊதும் நாணலான சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டிருந்தவர் அதை எடுத்துவிட்டுச் சொன்னார்: “ராகத்த யாருடா சொல்லித் தர்றது? காம்போதியில எத்தனை உருப்படி பாடம் ஆயிருக்கு?”

“மூணு.”

“பத்து ஆகட்டும். அப்புறம் அதுவே உன்னைக் கேக்கும்.”

எங்கள் தொழிலில் கீர்த்தனையை உருப்படி என்றுதான் சொல்வோம். பத்து உருப்படி ஆனபோது அவர் சொன்னது விளங்கியது. காம்போதியின் ஏறுவரிசையும் இறங்குவரிசையும் யாருக்கும் அரை மணியில் மனப்பாடம் ஆகிவிடும். அதை மேலும் கீழும் ஓட்டினால் காம்போதி வராது, ஏணி வரும். எந்த ஸ்வரத்தில் நிற்கலாம், எதைத் தொட்டுவிட்டு மட்டும் போகலாம், எதை எதோடு பிணைக்க வேண்டும், காகலி நிஷாதம் எந்த ஒரு பிடியில் மட்டும் எட்டிப் பார்க்கலாம் என்பதெல்லாம் பெரியவர்கள் செய்துவைத்த உருப்படிகளுக்குள் இருக்கிறது. பத்துப் பேர் பத்து வழியில் அந்த ராகத்துக்குள் நடந்த தடம் காலில் பதிந்த பிறகுதான் பதினோராவது வழி கண்ணுக்குத் தெரியும்.

இந்த வகை இசைக்குத் தமிழில் பழைய பெயர் ஆளத்தி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என்று மூன்று வகை. பண்ணை மட்டுமே கருதிச் செய்வது பண்ணாளத்தி. எனக்கு இதைச் சொன்னவர் பள்ளிக்கூடத் தமிழாசிரியர் ஒருவர். திருவிழாவில் எங்கள் மேளத்தோடு நாலு வீதியும் நடந்து வருகிற மனிதர். கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. ஆலாபனை என்று நாங்கள் வாசிப்பதற்கு அத்தனை காலத்துக்கு முன்பே பெயரும் வகையும் இலக்கணமும் இருந்திருக்கின்றன. பண் என்றால் பண்ணப்பட்டது. ஆளத்தியில் அதை இன்னொரு தரம், கேட்பவர் கண் முன்னால் பண்ணுகிறோம்.

மனோதர்மம் என்பதற்கு வடமொழி படித்தவர்கள் மனத்தின் இயல்பு என்று பொருள் சொல்வார்கள். பேச்சு வழக்கில் அது ‘அவரவர் இஷ்டம்’ என்றாகிவிட்டது. ஒரு வீட்டில் சம்பாவனை பேசும்போது அந்த வீட்டுப் பெரியவர், “தொகை எங்க மனோதர்மத்துக்கு விட்டுடுங்க” என்றார். பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போய், இரவு அங்கே கோயிலில் கதகளி பார்த்தேன். பாட்டு நின்றுவிட்டது. செண்டையும் மத்தளமும் மட்டும் தொடர்ந்தன. நடிகர் ஒரு காட்டையும் அதில் ஒரு யானையையும் கையாலும் கண்ணாலும் காட்டிக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்தவரிடம் இது எந்தப் பாட்டு என்று கேட்டேன். “பாட்டு இல்லை, மனோதர்மம்” என்றார். எங்கள் சொல்லை இன்னொரு கலைக்காரர்களும் அதே பொருளில் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த நடிகரும் தாளத்தை விடவில்லை; கதையில் இல்லாத ஒரு மிருகத்தைக் கொண்டுவரவும் இல்லை.

வாத்தியார் அந்தச் சொல்லைப் பிரித்த விதம் வேறு. “மனசு முன்னால வருது, தர்மம் பின்னால வருது. பாதிப் பேர் மனசோட இறங்கிப் போயிடறான்” என்பார். அவருக்கு வடமொழி தெரியாது. தர்மம் என்றால் நம் ஊரில் எல்லோரும் கொள்கிற பொருளைத்தான் அவரும் கொண்டார்: நான் செலுத்த வேண்டியது. யாருக்கு என்று கேட்டால் விரலை மடக்கிக்கொண்டே போவார். ராகத்துக்கு. வேளைக்கு. பக்கத்தில் நிற்கிற தவிலுக்கு. திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற கிழவனுக்கு. சாமிக்கு என்று தனியாகச் சொல்ல மாட்டார். இவ்வளவும் செலுத்தினால் அது போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

நான் அதில் தவறிய இரவு ஒன்று உண்டு. 1978, வைகாசித் திருவிழா. வாத்தியாருக்குக் காய்ச்சல். முதல் முறையாக முன்னால் நின்று நான் வாசிக்கிறேன். தவிலுக்கு அவருடைய ஜோடியே வந்திருந்தார். என் அப்பா வயது, நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். தெற்கு வீதியில் தர்பார் எடுத்தேன். ஆரம்பம் நன்றாக அமைந்தது. கூட்டத்தில் நாலு பேர் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குள் ஏறியது. நினைத்ததெல்லாம் விரலில் வருகிறது, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றியது. போனேன்.

தர்பாரும் நாயகியும் கரகரப்பிரியாவில் பிறந்த அக்கா தங்கை. தர்பாரில் காந்தாரத்தை இரண்டு தரம் அழுத்திவிட்டு ரிஷபத்துக்கு இறங்கும் ஒரு பிடி உண்டு. அதுதான் அதன் முகம். நாயகியில் காந்தாரம் அப்படி நிமிர்ந்து நிற்காது, ரிஷபத்தின் மேல் சாய்ந்து அசைந்துகொண்டிருக்கும், நடையும் நிதானம். நான் எந்த இடத்தில் ஒரு வீட்டை விட்டு மறு வீட்டுக்குள் நுழைந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் வழக்கத்தில் ஆலாபனையின் இடைவெளிகளைத் தவில் நிரப்பும். நான் ஒரு சஞ்சாரத்தை முடித்துவிட்டு மூச்செடுத்தேன். தவில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கழியைத் தோலின் மேல் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. காத்திருந்தார். அந்த மௌனம் நாலைந்து நொடிதான் இருந்திருக்கும். திண்ணையிலிருந்து ஒரு குரல் கேட்டது. “தம்பி, தர்பார் எங்கப்பா போச்சு?”

வெற்றிலைக் கடை வைத்திருந்தவர் அவர். கையெழுத்துப் போடத் தெரியாது என்று பிற்பாடு சொன்னார்கள். முப்பது நாற்பது வருஷம் அதே திண்ணையில் உட்கார்ந்து திருவிழா மேளம் கேட்ட காது.

மறுநாள் நான் போய்ச் சொல்லுமுன்பே வாத்தியாருக்குச் சேதி போய்விட்டது. திட்டவில்லை. அடுத்த 40 நாளும் விடியற்கால சாதகத்தில் தர்பார் வர்ணம் மட்டும். ஒரு மண்டலம் கழிந்ததும், “இப்ப நாயகி வாசி” என்றார். வாசித்தேன். ஒரு இடத்திலும் தர்பார் தலைகாட்டவில்லை. “நேத்து அது ரெண்டும் உனக்கு ஒண்ணு. இன்னிக்கு ரெண்டு. இனிமே ராகம் வாசிக்கலாம்” என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அந்த வீதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சபாவில் பாடுகிறவர்களுக்குக் கடிகாரம் உண்டு. எங்களுக்கு வீதிதான் கடிகாரம். சாமி புறப்படும்போது மல்லாரி. கம்பீர நாட்டையில், பாட்டு வரி எதுவும் இல்லாமல், தவில் சொற்கட்டோடு இழைந்து, காலம் காலமாக ஏறிப் போகிற வாசிப்பு. அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. அது கட்டுப்பாடான பகுதி. யார் வாசித்தாலும் வேளைக்கு உரியதைத்தான் வாசிக்க வேண்டும். கோபுர வாசல் தாண்டிக் கீழவீதிக்கு வந்து, தெற்கு வீதி திரும்பியதும் வாசல் திறக்கும். சாமியைத் தாங்கிகளின் தோளில் நிறுத்திவிடுவார்கள். தவிலில் அலாரிப்பு முடியும். ராகம் ஆரம்பம்.

நின்ற இடத்தில் அரை மணி, பிறகு பத்து அடி நகர்ந்து இன்னொரு அரை மணி. தெற்கு வீதியும் மேலவீதியும் ராகத்துக்கும் பல்லவிக்கும். வடக்கு வீதி திரும்பினால் கீர்த்தனை, பதம், தேவாரம், திருப்புகழ். கோயிலுக்குள் திரும்பிப் பள்ளியறை வந்தால் நீலாம்பரி. இது எங்கள் கோயில் வழக்கம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். இந்த அமைப்பைப் போட்டவர் யாரோ, அவர் பெரிய அறிவாளி. கட்டுப்பாடான இரண்டு கரைகளுக்கு நடுவில் இரண்டு வீதி முழுக்க ஒரு கலைஞனை அவன் போக்கில் விட்டிருக்கிறார். அந்த நீளம் இருந்ததால்தான் ராகம் அவ்வளவு நீண்டது. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை தோடியை இரவு முழுக்க வாசித்தார் என்று தஞ்சாவூர் ஜில்லாவில் சொல்லாத கிழவர் இல்லை. மணிக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், தோடி மட்டும் மாறாது. தோடியில் பஞ்சமத்தை விட்டுவிட்டு மற்ற ஸ்வரங்களிலேயே வெகுநேரம் நாயனக்காரர்கள் சுற்றுவோம். அந்த ஸ்வரம் எப்போது வரும் என்று கேட்கிறவரை ஏங்கவைத்து, வரும்போது வீதி முழுக்க ஒரு பெருமூச்சு எழும். அந்த ஏக்கத்துக்கு நேரம் வேண்டும். மூன்று நிமிஷத்தில் யாரும் யாருக்காகவும் ஏங்க முடியாது.

தோடி சீதாராமய்யா என்று தஞ்சை அரசவையில் ஒரு பாடகர் இருந்ததாகக் கதை உண்டு. பணமுடையில் தோடி ராகத்தையே ஒரு செட்டியாரிடம் அடகு வைத்துவிட்டாராம்; மீட்கும் வரை பாடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, அரசர் கேட்டும் பாடாமல், கடைசியில் அரசரே கடனை அடைத்து ராகத்தை மீட்டாராம். நான் இந்தக் கதையைச் சொன்னபோது வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. “ராகம் அவன் வீட்டுச் சொத்தாடா? கோயில் நிலம் மாதிரி அது. உழுது சாப்பிடலாம், அடமானம் வைக்க உரிமை கிடையாது” என்றார். கதையை விட அவர் பதில்தான் எனக்கு மனோதர்மத்தின் விளக்கமாக மனதில் நின்றது.

வீதிக்கு அடுத்தபடி இந்த வாத்தியத்துக்கும் ராகத்தின் நீளத்தில் பங்கு உண்டு. கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற வழியில் நரசிங்கம்பேட்டை. அங்கே ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய காலத்துத் திமிரி நாயனம் குட்டை, சுருதி அதிகம், கூர்மையான சத்தம். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். சுருதி இறங்கியது. சுத்த மத்யமம் சண்டை போடாமல் பேச ஆரம்பித்தது. நீண்ட கார்வையும் மெல்லிய அசைவும் சாத்தியமாயின. மூச்சு மட்டும் அதிகம் கேட்கும். சீவாளி, திருவாவடுதுறையில் கொறுக்கைத் தட்டையைப் பக்குவம் செய்து கட்டுவது. நல்ல சீவாளி அமைவது நல்ல மருமகள் அமைவது மாதிரி என்று எங்கள் வீட்டுப் பெண்களே சொல்வார்கள். இன்றைக்கு எந்தச் சீவாளி எப்படிப் பேசுகிறதோ அதற்கேற்பத்தான் இன்றைய ராகம். கனமான சீவாளி என்றால் பிருகாவைக் குறைத்துக்கொண்டு கார்வையில் நிற்பேன். லேசாகப் பேசினால் ஓடுவேன். கேட்பவர்கள் இதைக் கற்பனை என்பார்கள். பாதி, நாணல் செய்த முடிவு.

வாசிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். விரல்களுக்கு 7 துளை. ஒவ்வொன்றையும் முழுக்க மூடலாம், பாதி மூடலாம், உதட்டு அழுத்தத்தால் அதையே இன்னும் அரைக்கால் ஏற்றலாம். பல வருஷ சாதகத்தில் சில பிடிகள் விரலுக்குள் போய்க் குடியேறிவிடும். மனசு சோர்ந்தால் விரல் தானாக ஓடும். கேட்க நன்றாகவே இருக்கும், கைதட்டலும் வரும். நாங்கள் அதை விரல் வாசிப்பு என்போம். மற்றது வேறு மாதிரி. காதுக்குள் ஒரு பிடி முதலில் கேட்கும், இன்னும் யாரும் வாசிக்காத நிலையில். விரல் அதைத் துரத்திக்கொண்டு போய்ப் பிடிக்கும். அரை நொடி வித்தியாசம்தான். அந்த அரை நொடியில் பயம் இருக்கும், கிடைக்காமல் போகலாம் என்கிற பயம். ஒரு நல்ல இரவில் நாலு தரம், ஐந்து தரம் அப்படி நடக்கும். 40 நிமிஷ ஆலாபனையில் மற்றதெல்லாம் அந்த நாலு இடத்துக்குப் போகிற பாதை. பாதை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை சாதகம்.

நேரம் குறைந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிஷம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்குச் செய்த அமைப்பில் நிறைய உருப்படி, அளவான ஆலாபனை. சபாவுக்கு அது பொருந்தியது, அவர் செய்தது சரிதான். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ வந்த பிறகு காருகுறிச்சி அருணாசலம் அதில் வாசித்த பாட்டைக் கேட்காத கல்யாணம் கிடையாது. 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’. இரண்டிலும் வாசித்தவர்கள் மகா வித்வான்கள். அந்தப் படங்களால் எங்கள் வாத்தியத்தின் பெயர் ஒவ்வொரு வீட்டுக்கும் போயிற்று. நானும் அந்தப் பாட்டுகளை மனமார வாசித்திருக்கிறேன்.

எனக்கு வலிப்பது வேறு. பல ஊர்களில் புறப்பாடு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சாமி டிராக்டரில் போகிறார், டிராக்டர் நிற்காது. வீதியில் ராகத்துக்கு நிற்கிற அந்த அரை மணி போய்விட்டது. தாங்கிகள் கிடைக்கவில்லை, போக்குவரத்து நிற்கக் கூடாது, எல்லாம் நியாயமான காரணம். கல்யாணத்தில் வரவேற்புக்குச் செண்டை மேளம், உள்ளே ஒலிபெருக்கியில் பாட்டு, எங்களுக்கு மிஞ்சுவது தாலி கட்டும்போது கெட்டி மேளம். திண்ணைகள் இடிந்து கடைகளாகிவிட்டன. திண்ணை போனதோடு தர்பார் எங்கே என்று கேட்கிற கிழவரும் போனார். தட்டிக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் எதை வாசித்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடுகிறது. மனோதர்மம் தன் பாதிப் பெயரை இழப்பது அங்கேதான்.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரம், தவில் படித்துவிட்டு என்னிடம் மேற்கொண்டு கற்க வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞானம் உள்ள பிள்ளைகள், விரல் சுத்தம். ஒரு பையன் சண்முகப்பிரியா வாசித்தான். அப்படியே அசந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, யாரோ ஒரு பெரியவரின் ஒலிப்பதிவைப் பிருகா விடாமல் மனப்பாடம் செய்திருக்கிறான். மறுநாளும் அதே ஆலாபனை, அதே இடத்தில் மூச்சு. “இது உன்னோடது இல்லையே தம்பி” என்றேன். “தப்பு வந்துடுமோன்னு பயமா இருக்கு ஐயா. போன்ல எடுத்துப் போட்டுடுவாங்க” என்றான். அவன் சொன்னதில் இருந்த உண்மை என்னைத் தூங்கவிடவில்லை. நான் தர்பாரைத் தொலைத்த இரவு அந்தத் தெருவோடு முடிந்தது. இவன் தொலைத்தால் காலத்துக்கும் நிற்கும்.

அதனால் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், போன் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். தவில்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் வருவார்கள். இந்த மரத்திலிருந்து அந்த வரப்பு வரை கீழவீதி, அங்கிருந்து கிணறு வரை தெற்கு வீதி என்று வைத்துக்கொண்டு நடக்கிறோம். தெற்கு வீதியில் நின்று ஒருவன் அரை மணி ராகம் வாசிக்க வேண்டும். தப்பு வரலாம், நிறுத்தக் கூடாது. நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொள்வேன். வெற்றிலைக் கடைக்காரர் வேலை இப்போது என்னுடையது. அந்தப் பையன் மூன்றாவது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சண்முகப்பிரியாவின் நடுவில், மேல் ஷட்ஜத்துக்குப் போகாமல் நிஷாதத்திலேயே தங்கிவிட்டான். தேடினான். கழுத்து இடது பக்கம் சாய்ந்தது. கிடைத்ததா என்று கேட்காதீர்கள், அன்றைக்குக் கிடைக்கவில்லை. பழைய பிடி ஒன்றைப் போட்டு மரியாதையாக முடித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்கள் வீட்டில் கல்யாணம் வைத்தால், கோயிலில் உற்சவம் நடத்தினால், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேளக்காரரைக் கூப்பிட்டுப் பேசும்போதே, ஒரு ராகத்துக்கு 20 நிமிஷம் ஒதுக்கியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். அந்த 20 நிமிஷம் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். சாமி ஊர்வலம் என்றால் ஏதாவது ஒரு வீதி முனையில் வண்டியை நிறுத்துங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேரை முன்னால் உட்காரவையுங்கள். முடிந்ததும் அவர்கள் எழுந்து வந்து, “இது என்ன ராகம் மாமா?” என்று கேட்கட்டும். நாங்கள் சொல்கிறோம்.